பெட்டி திறக்கும் தேதி

விருதுநகர்,
ஜூன் 10, செவ்வாய்க்கிழமை, காலை.

அன்பு மகள் மாரிசெல்விக்கு,

பெரியப்பா சங்கிலிமுத்து எழுதுவது. ஜப்பானில் நீ உடல்நலத்தோடும் மனத்தெளிவோடும் இருக்க வேண்டும் என்பதே இங்கே எல்லாருடைய நினைப்பும்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் எனக்கு வரிசை தப்பிவிடுகிறது. நீ “சொல்லுங்க பெரியப்பா” என்றதும் சொல்ல வந்தது பின்னால் போய், சொல்ல வராதது முன்னால் வந்து நிற்கிறது. கருவூலத்தில் இருந்தவரை எந்த விஷயமானாலும் முதலில் எண் போட்டுக் குறிப்பு எழுதித்தான் மேலே அனுப்புவோம். அந்தப் பழக்கத்தில் இதற்கும் எண் போட்டிருக்கிறேன். உன் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “மகளுக்கு எழுதுதீகளா, கலெக்டருக்கு எழுதுதீகளா? நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள அவளே ரிட்டயர்டு ஆயிருவா” என்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். எண் இல்லாவிட்டால் நான் பயந்துபோய் எதையாவது விட்டுவிடுவேன்.

இந்தக் கடிதத்தில் உள்ளவை:

1. வீட்டு நலம்.
2. உன் அப்பாவைப் பற்றி.
3. அதை இதுவரை உன்னிடம் சொல்லாததன் காரணம்.
4. உன் ஆய்வில் எனக்குப் புரிந்ததும் புரியாததும்.
5. நீ இப்போது கிளம்பி வர வேண்டியதில்லை என்பது.

இரண்டாவதைப் படிக்கும் முன் உட்கார்ந்துகொள். உன் அப்பா உயிரோடு இருக்கிறான். நேற்றுக்கூட என்னோடு பேசினான். இதை இங்கே சொல்வது நான் போட்ட வரிசைக்குப் பொருந்தாது. ஆனாலும் முதலில் இதுதான் உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலாவது. நானும் உன் பெரியம்மாவும் நலம். அவளுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியைக் கட்டியது நான் என்பதால். வெயில் இந்த வருடம் கடுமை. இடையில் இரண்டு மூன்று மழை பெய்தது. அதில் ஒன்றைப் பற்றித்தான் அடுத்து எழுத வேண்டியிருக்கிறது. தாயில்பட்டியில் உங்கள் வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு ராமுத்தாய் கோழிகளைப் பார்த்துக்கொள்கிறாள். உன் அம்மா மதுரையில் இருக்கிறாள். நீ போன் செய்யும்போதெல்லாம் அவள் வீட்டிலிருந்துதான் பேசுகிறாள் என்று நினைத்திருப்பாய். அவள் ஆஸ்பத்திரி வாசலில் உள்ள வேப்பமரத்தடிக்கு வந்து நின்று பேசுவாள். ஒருமுறை நீ ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு, என்ன என்று கேட்டாயாம். மெயின் ரோட்டில் போகிறது என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாவது. வைகாசி பிறந்து சில நாளில், நாரணாபுரத்தில் உன் அப்பா போர்மேனாக இருக்கும் கம்பெனியில், ஒரு மத்தியானம் விபத்து நடந்தது. பேன்சி வெடிக்கு நிறம் கொடுக்கும் மருந்தை உருண்டை உருண்டையாகப் பிடித்து வெளியே மேடையில் காயப்போட்டிருந்தார்கள். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மழை இறங்கிவிட்டது. மருந்து நனைந்தால் தானாகவே சூடேறும் என்று எல்லாரும் ஓடி ஓடித் தட்டுகளை அறைக்குள் எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த அவசரத்தில் அறை தீப்பிடித்தது. மற்றவர்களுக்குச் சிறு காயங்களோடு போயிற்று. உன் அப்பாவுக்கு இரண்டு கைகளும், நெஞ்சும், கழுத்தில் ஒரு பக்கமும் வெந்துவிட்டன. முகம் தப்பியது. கண் நன்றாகத் தெரிகிறது. அன்று முதல் மதுரை ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் இருக்கிறான். அங்கே நன்றாகவே கவனிக்கிறார்கள்.

எப்படி நடந்தது என்று அங்கே வேலை செய்தவர்களில் நான்கு பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவர் தட்டு தரையில் உரசியது என்றார். ஒருவர் ஈரம் என்றார். ஊர்க்காவலன் அண்ணன் வெளியே வந்துவிட்டார், எதையோ நினைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனார் என்று ஒரு பெண் உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவள் பக்கத்திலேயே நின்றிருந்த இன்னொருத்தி, அவர் வெளியே வரவே இல்லை என்றாள். நான் நால்வர் சொன்னதையும் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தேன். ஒன்றோடொன்று சேரவில்லை. உன் அப்பாவிடமே கேட்டேன். “எனக்கே வெளங்கலண்ணே. மழைய வைஞ்சுக்கிட்டே ஓடுனேன். பொறவு இங்கனதான் முழிச்சேன்” என்றான். அவன் சொல்வது உண்மையா, சொல்ல விரும்பாமல் சொல்கிறானா என்றும் எனக்குத் தெரியவில்லை.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கைகளில் ஒட்டினார்கள். வலது கையில் பிடித்துக்கொண்டது. இடது கையிலும் நெஞ்சிலும் பிடிக்கவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. ஊசி மருந்தை மாற்றியிருக்கிறார்கள். காய்ச்சல் இல்லாத நேரத்தில் வார்டே சிரிக்கும்படி பேசுகிறான். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் உன் வேலையைப் பற்றி விளக்கியதை நானே கேட்டேன். “எம்மவளும் நம்ம தொழில்தான்யா. நாம வெடிய மேல அனுப்பி வெடிக்கோம். அவ ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணா அனுப்பி நடுவுல மோத விடுதா. சத்தம் வராதாம். பொகை வராதாம். ஆனா செதறுமாம். செதறுனதப் பொறுக்கி எடுத்து என்ன வெடிச்சதுன்னு கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் சம்பளம்” என்றான். அந்த மனிதர், நாங்களும் தினமும் பொறுக்கத்தான் செய்கிறோம், எங்களை ஜப்பானுக்குக் கூப்பிடவில்லையே என்றார்.

நேற்று ஒரு விஷயம் நடந்தது. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், “வெளியூர்ல பிள்ளைங்க யாரும் இருக்காங்களா?” என்று கேட்டார். ஒரே பெண், ஜப்பானில் இருக்கிறாள் என்றேன். “தகவல் சொல்லிட்டீங்களா?” என்றார். இன்னும் இல்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “சொல்லிடுங்க” என்று போய்விட்டார். எதற்காகக் கேட்டார் என்று தெரியவில்லை. நோயாளியின் குடும்ப விவரம் எழுதிக்கொள்வதற்காக இருக்கலாம். கையில் பேனா இருந்ததா என்று நினைத்துப் பார்க்கிறேன், நினைவில்லை. அவர் கேட்டதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

மூன்றாவது. இதுதான் எழுதக் கடினமாக இருக்கிறது.

சித்திரையில் நீ போனில் உன் அப்பாவோடு வெகுநேரம் பேசினாய். நானும் அப்போது தாயில்பட்டியில் இருந்தேன். உன் முடிவு வந்துவிட்டதா என்று அவன் கேட்டான். முடிவு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, ஆனால் நான் பார்க்கக் கூடாது என்று நீ சொன்னாய். எது இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோமோ அந்தப் பக்கமே நம் கை கணக்கைச் சாய்த்துவிடும், அதனால் முடிவு இருக்கிற இடத்தை மட்டும் மூடி வைத்துவிட்டு, வழிமுறை முழுவதையும் முதலில் முடித்து, அதை மற்றவர்கள் சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பெட்டியைத் திறப்போம் என்றாய்.

நான் கணிதம் படித்தவன். எனக்கே அதை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. அவனுக்கு உடனே பிடித்துவிட்டது. காரணம் உனக்குத் தெரியும். புது அயிட்டம் செய்தால் வெட்டவெளியில் கொளுத்திப் பார்ப்பார்கள் அல்லவா, அப்போது மருந்து கலந்தவன் வானத்தைப் பார்க்க மாட்டான். உன் அப்பா முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, பேக்கிங் பெண்களிடம்தான் என்ன நிறம் என்று கேட்பான். “பச்சைக்குக் கலந்தவன் பாத்தா பச்சையாத்தான் தெரியும். ஒண்ணுந்தெரியாதவ சொல்லட்டும்” என்பான். அந்தப் பெண்கள் வேண்டுமென்றே, அண்ணே ஊதாக்கலர் வருது என்று சொல்லி அவனைத் திரும்ப வைத்துவிட்டுச் சிரிப்பார்களாம்.

விபத்து நடந்த மறுநாள் அவனுக்கு நினைவு தெளிந்ததும் முதலில் சொன்னது உன்னைப் பற்றித்தான். “அவகிட்டச் சொல்லாதீக. பொட்டிய மூடி வச்சிருக்கா. இதக் கேட்டா அரைகுறையாத் தொறந்துருவா, இல்லாட்டி அப்படியே போட்டுட்டு ஓடியாந்துருவா. பொட்டியத் தொறக்கட்டும். மறுநாளே சொல்லிருவோம். எண்ணிப் பாத்தா பத்துப் பதினஞ்சு நாள்தான்” என்றான். உன் அம்மா அழுதாள். நான் யோசித்தேன். மே மாதக் கடைசியில் திறப்போம் என்று நீ சொல்லியிருந்தாய். உன் வேலைக்கான காலம் இந்த வருடத்தோடு முடிகிறது என்பதும், இந்த முடிவை வைத்துத்தான் அடுத்த இடம் கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நீ பாதியில் வந்தால் உன் பெட்டியை வேறு யாராவது திறப்பார்கள் என்று நினைத்தேன். அவன் சொன்னது எனக்கு முறையாகவும் தோன்றியது. ஒரு தேதி இருக்கிறது, அதுவரை பொறுக்கிறோம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். சரி என்று நான்தான் சொன்னேன். மூத்தவன் சொன்னதால் மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு தேதியை நம்பி நாங்கள் வாயை மூடினோம். அந்தத் தேதி நகரும் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

மே கடைசியில் நீ பேசும்போது, பரிசீலனைக் குழுவினர் இன்னொரு சோதனை கேட்டிருக்கிறார்கள், ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்றாய். அடுத்த வாரம், அந்தச் சோதனையிலிருந்து இன்னொரு கேள்வி வந்திருக்கிறது என்றாய். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நல்லதுதானே பெரியப்பா, எவ்வளவு கேட்கிறார்களோ அவ்வளவு உறுதி என்றாய். நல்லதுதான் என்று நானும் சொன்னேன். அந்த நேரம் நான் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் உன் அப்பா, “தொறந்தாச்சா?” என்று கேட்டான். இல்லை, தள்ளிப்போயிருக்கிறது என்றேன். “எம்புட்டு நாள்?” என்றான். தெரியவில்லை என்றேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இதற்கிடையில் உன்னிடம் பொய் சொல்லி வந்தோம். வடக்கே ஒரு பெரிய கல்யாணத்துக்கு வாணவேடிக்கை ஆர்டர் வந்திருக்கிறது, உன் அப்பா லோடோடு போயிருக்கிறான், அங்கே சிக்னல் இல்லை என்று சொல்வதாகப் பேசி வைத்திருந்தோம். உன் அம்மா ஒடிசா என்றாள். உன் பெரியம்மா பீகார் என்றாள். பிறகு, உன் அப்பாவின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று உன் அம்மா சொன்னாள், அதே நாளில் நான் சார்ஜர் தொலைந்துவிட்டது என்றேன். இந்த விஷயத்தில் நாங்கள் எவ்வளவு தேர்ச்சி இல்லாதவர்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

நான்காவது. உன் ஆய்வு.

ஏன் இப்போது இதை எழுதுகிறேன் என்றால், இரண்டு நாளாக எனக்கு ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்தைச் சொல்வதற்கு, உன் வேலையை நான் எந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். தவறு இருந்தால் திருத்து.

எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் எதிரெதிராக ஓடவிட்டு மோத வைக்கிறீர்கள். அந்த மோதலில் சில சமயம் பி-மேசான் என்னும் துகள்கள் இரண்டு இணையாகப் பிறக்கின்றன. பிறந்த வேகத்திலேயே இரண்டும் சிதைந்துவிடுகின்றன. மேசானை யாரும் பார்ப்பதில்லை. சிதைந்ததிலிருந்து பறந்தவை கருவியில் விட்டுச் சென்ற தடங்களைக் கூட்டிச் சேர்த்து, இன்னது இருந்திருக்க வேண்டும் என்று சொல்கிறீர்கள். இதுவரை எனக்குப் புரிகிறது.

நீ தேடுவது அபூர்வமான ஒரு சிதைவு. இணையில் ஒன்று, கேயான் என்னும் ஒரு துகளை மட்டும் கண்ணில் காட்டிவிட்டு, மீதியை நியூட்ரினோக்களாகக் கொண்டுபோய்விடும். நியூட்ரினோ கருவியில் தடம் விடாமல் சுவரைத் தாண்டிப் போய்விடும். காணாமல் போனதை எப்படிப் பிடிப்பது என்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதிலை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். மோதும் முன் மொத்தம் எவ்வளவு ஆற்றல் இருந்தது என்பது தெரியும் பெரியப்பா, இணையில் மற்ற மேசான் எப்படிச் சிதைந்தது என்பதை ஒன்று விடாமல் கட்டி எழுப்பிவிட்டால், இந்தப் பக்கம் எது இல்லை என்பது தானாகத் தெரிந்துவிடும் என்றாய். ஒன்று முழுவதும் தெரிந்தால் மற்றதில் குறைவது தெரியும்.

புரியாதது இது. ஒன்று காணவில்லை என்றால், அது உண்மையாகவே தப்பிப் போனதா, அல்லது கருவி அதைத் தவறவிட்டதா என்று எப்படி அறிவது? அதுதான் பெரியப்பா என் வேலையே என்றாய். எனக்கு அந்தப் பதில் போதவில்லை, ஆனால் மறுபடி கேட்கக் கூச்சமாக இருந்தது.

இப்போது சந்தேகத்தைச் சொல்கிறேன். முன்பெல்லாம் நீ பேசும்போது முதல் கேள்வியே அப்பா எங்கே என்பதுதான். கடந்த இரண்டு முறையும் நீ அவனைப் பற்றிக் கேட்கவில்லை. உன் அம்மாவிடம் குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாய். உன் பெரியம்மாவிடம் கோழி முட்டை இடுகிறதா என்று கேட்டாய். அவள் ஆமாம் ஆமாம் என்றாள், எதுவும் தெரியாமலே. என்னிடம், “நீங்க ஒழுங்காத் தூங்குதீகளா பெரியப்பா?” என்று மட்டும் கேட்டாய். ஏன் அதைக் கேட்டாய்? நாங்கள் சொன்னது எல்லாவற்றையும், ஒடிசாவையும் பீகாரையும் ஆம்புலன்ஸையும், நீ ஒன்று விடாமல் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டாயோ என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் முழுவதும் தெரிந்துவிட்ட பிறகு, எது குறைகிறது என்று கண்டுபிடிப்பது உனக்கு எவ்வளவு நேரம்?

அப்படியானால் நீ ஏன் கேட்கவில்லை? நாங்களே சொல்லட்டும் என்று காத்திருக்கிறாயா? கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயமா? நீ பெட்டியைத் திறக்கட்டும் என்று நாங்கள் இங்கே காத்திருக்க, நாங்கள் திறக்கட்டும் என்று நீ அங்கே காத்திருக்கிறாயா? அல்லது இது எதுவுமே இல்லாமல், வேலை மும்முரத்தில் கேட்க மறந்துவிட்டாயா? எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். எல்லாமே சம அளவில் பொருத்தமாகத்தான் இருக்கின்றன. எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

இன்னொன்றும் காலையில் தோன்றியது. உன் பெட்டியை மூடியவள் நீ. எது உள்ளே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும், ஒன்று உள்ளே இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். எப்போது திறப்பது என்பதற்கு நீயும் சம்மதித்த ஒரு முறை இருக்கிறது. நாங்கள் மூடிய பெட்டியோ, இருக்கிறது என்றே உனக்குத் தெரியாதது. இரண்டையும் ஒன்று என்று உன் அப்பா நினைத்தான். நானும் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஆனால் உறுதியாகச் சொல்லும் தைரியமும் இல்லை.

ஐந்தாவது. மேலே எழுதியதைப் படித்ததும் நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். அது இப்போது தேவையில்லை என்பதற்குக் காரணங்கள்: நல்ல மருத்துவம் நடக்கிறது. தீக்காய வார்டில் தொட்டுப் பேச விடமாட்டார்கள், ஒரு ஆளுக்கு மேல் உள்ளே அனுமதியும் இல்லை. உன் அம்மாவும் நாங்களும் மாறி மாறி இருக்கிறோம். இத்தனை வருடம் உழைத்ததை முடிக்கும் இடத்தில் நீ இருக்கிறாய். எல்லாவற்றுக்கும் மேலாக, வர வேண்டாம் என்பது உன் அப்பாவின் விருப்பம். ஆகவே செய்தியை அறிந்துகொண்டு, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, உன் வேலையை முடித்துவிட்டு வருவதே முறை.

இத்துடன் ஐந்தும் முடிந்தன. மத்தியானம் மதுரைக்குப் போய் உன் அப்பாவிடம் இப்படி எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வந்து கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அவனுக்குத் தெரியாமல் அனுப்ப மனம் வரவில்லை.

*

அதே நாள், மாலை.

போய்விட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன், ஏன் என்று தெரியவில்லை.

அவனுக்குக் காய்ச்சல் இருந்தது. ஆனால் தெளிவாகப் பேசினான். உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். கோபப்படுவான் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். அவன், “எண்ணு போட்டு எழுதுனீகளா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “எம்புட்டு?” என்றான். ஐந்து என்றேன். சிரித்தான். சிரித்தால் கழுத்தில் இழுக்கும், உடனே நிறுத்திக்கொண்டான். உன் அம்மா, “மச்சான் எழுதுனா எல்லாம் சரியாத்தான் இருக்கும்” என்றாள். அவள் சொன்னது எனக்குத் தைரியம் தரவில்லை.

கடைசிக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டான். வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன், நீ சொன்னபடிதான் என்றேன். “சரிதான்” என்றான். நல்லது என்று நான் எழுந்தேன். அப்போது, “அண்ணே, ஜப்பான்ல இருந்து மதுரைக்கு எத்தன மணி நேரம் பிளைட்டு?” என்று கேட்டான். நேராக வராது, இரண்டு இடத்தில் மாற வேண்டும், ஒருநாள் ஆகும் என்றேன். “ஒரு நாளு” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு, “வெளிநாட்டுல இருந்து வாறவுகள நேரா இந்த வார்டுக்குள்ள விடுவாகளா, இல்ல வெளியவே நிப்பாட்டிருவாகளா?” என்றான். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். “கேக்கெல்லாம் வேண்டாம். சும்மா கேட்டேன். இத அவளுக்கு எழுதிராதீக” என்றான்.

எழுதிவிட்டேன்.

வெளியே வந்ததும் டாக்டரைத் தேடிப் போனேன். நானாகப் போய் ஒரு டாக்டரிடம் கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. நேற்று எதற்காக அப்படிக் கேட்டீர்கள் என்றேன். ரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறது, புது மருந்து வேலை செய்கிறதா என்பது இந்த வாரத்துக்குள் தெரியும், இரண்டு பக்கமும் போகலாம் என்றார். அவர் கையில் பேனா இல்லை. ஜப்பானில் இருந்து வருபவரை உள்ளே விடுவார்களா என்று கேட்டேன். “பொண்ணுதானே சார், வரச் சொல்லுங்க” என்றார்.

அவ்வளவு நேரம் காரணம் காரணமாக எழுதியவனுக்கு, அந்தக் காரணங்கள் எல்லாம் யாருக்காக என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. உன்னைத் தடுப்பதற்காக அவற்றை எழுதவில்லை. நீ வந்தால் நிலைமை மோசம் என்பது உண்மையாகிவிடும் என்று பயந்து எழுதியிருக்கிறேன். நீ வராதவரை அவன் சாதாரணமாகப் படுத்திருப்பதாக நான் நினைத்துக்கொள்ளலாம். எது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனோ அந்தப் பக்கமே கணக்கைச் சாய்த்துவிட்டேன்.

காலையில் எழுதியதைக் கிழித்துவிட்டுத் திருத்தி எழுதலாம் என்று பார்த்தேன். அதற்குள் பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள ஜெராக்ஸ் கடையை மூடிவிடுவார்கள். அங்கேதான் ஸ்கேன் செய்து உனக்கு அனுப்ப வேண்டும். உன் பெரியம்மா முழங்கால் வலியோடு இறங்கி வந்து வாசலில் நின்றுகொண்டு, “எழுதுனது போதும், எந்திரிங்க” என்கிறாள். அவள் குரலில் இன்று கேலி இல்லை.

பெட்டியைத் திறந்துவிட்டு வருகிறாயா, மூடியபடி விட்டுவிட்டு வருகிறாயா என்பது நீ தீர்மானிக்க வேண்டியது. அதில் நான் தலையிட மாட்டேன். உள்ளே என்ன இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், நீ நேர்மையாகச் செய்த வேலை அது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. எந்த விமானம் என்று மட்டும் சொல். மதுரையில் வெளிவாசலில் நான் நிற்பேன். அழுதுகொண்டு வராதே, சாப்பிட்டுவிட்டு வா. வழியெல்லாம் உனக்குத் துணை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஐந்தாவது குறிப்பு தவறு. கிளம்பி வா, அம்மா.

உன் பெரியப்பா,
சங்கிலிமுத்து